குறை யாரிடம்?

காரியாபட்டியில் பேருந்து ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மதுரை நகருக்குள் சென்று சேர்ந்துவிடலாம். சில மாதங்களுக்கு முன் பாடற்குழுவுக்குக் கிதார் ஒன்று வாங்கும் பொருட்டு, இளைஞர் இருவருடன் நாம் அங்குள்ள இசைக்கருவிக் கடை ஒன்றுக்குச் சென்றிருந்தோம். கடைக்காரர் மூன்று கிதார்களை எடுத்து மேசைமேல் வைத்தார். முதலாவது, பெட்டி பிரிக்கப்படாதது, முழு விலை. இரண்டாவது, காட்சிக்காகச் சுவரில் மாட்டப்பட்டிருந்தது. முதுகில் விரல் நீளத்திற்குக் கீறல் விழுந்திருந்தது. விலையில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடி. மூன்றாவது, ஒருவர் சில ஆண்டுகள் வாசித்துவிட்டு விற்றுச் சென்றது; பாதி விலை.

“ஃபாதர், இந்தக் கீறல் கண்ணுக்குத்தான், காதுக்கு இல்லை. ஆனா மூணாவதுல கழுத்து லேசா வளைஞ்சிருக்கு. புதுசாப் பழகுற பிள்ளைகளுக்கு விரல் வலிக்கும். அதைச் சொல்லாம விக்கக் கூடாது” என்றார் அவர்.

நாம் இரண்டாவதை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினோம். வழியெல்லாம் இளைஞர்கள் அக்கடைக்காரரின் நேர்மையைப் புகழ்ந்துகொண்டே வந்தனர். நமக்கோ பேச்செழவில்லை. விற்பவர் ஒருவர் தம் பொருளின் குறையைத் தாமே விரல் வைத்துக் காட்டியதை நாம் காண்பது அது முதல் முறையன்று. முன்னொரு முறை கண்டபோது நாம் எப்படி நடந்துகொண்டோம் என்பதே நம்மை வாயடைக்கச் செய்தது. அதனை ஒளிக்காமல் எழுதிவிடுவது நலம் என்று எண்ணுகிறோம். அதற்கு முன் சில செய்திகளைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

பழையது, பழுதுபட்டது என்றதும் முகம் சுளிப்பது நம் பகுதி மக்களுக்குப் பொருந்தாத குணம். சிவகாசியின் அச்சகங்கள் பல, வெளிநாட்டில் உழைத்து ஓய்ந்த ஆப்செட் அச்சுப்பொறிகளை விலைக்கு வாங்கி வந்து நிலைபெற்றவை. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டி அத்தகைய பொறி ஒன்றில் அச்சானதாக இருக்கக்கூடும். இசைக்கருவிகளிலோ, பழமையே சில வேளைகளில் சிறப்பாகிவிடுகிறது. 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதசுரம், பழைய வீடுகளில் இருந்து எடுக்கப்பட்ட ஆச்சா மரத்தில் கடையப்படுகிறது. ஈரமெல்லாம் வற்றி, பல தலைமுறை வெயிலையும் மழையையும் கண்ட மரமே நாதத்தைத் தாங்கும் என்பது அக்கைவினைஞர்களின் அறிவு.

நமக்கு அண்மையிலுள்ள மானாமதுரையில் கடம் வாங்கச் செல்பவர்கள் அதனைத் தட்டிப் பார்த்தே எடுப்பார்கள். மேற்புறத்தில் தீயின் கறை படிந்திருக்கலாம்; அதனால் நாதத்துக்குக் கேடில்லை. ஆனால் மயிரிழை அளவு விரிசல் உள்ளே ஓடியிருந்தால் ஒலி செத்துவிடும். ஆக, கண்ணுக்குத் தெரியும் குறை ஒன்று. காதுக்குத் தெரியும் குறை மற்றொன்று. முன்னதற்காக விலை குறைத்து விற்பதும் வாங்குவதும் எவருக்கும் தீங்கற்ற செயல். பின்னதை விற்பவர் சொல்லியாக வேண்டும்.

ஆலயத்துக்குப் பழுதுள்ள பொருளை வாங்கலாமா என்று இறைமக்கள் சிலர் நம்மிடம் கேட்டதுண்டு. குருடும் நொண்டியுமான விலங்குகளைப் பலிபீடத்துக்குக் கொண்டுவந்தவர்களை இறைவாக்கினர் மலாக்கி கடிந்துகொண்டதை அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆயினும் இறைவாக்கினர் கடிந்தது யாரை? மந்தையில் நல்ல கிடாயை வைத்துக்கொண்டே கழிவானதை ஆண்டவருக்கு ஒதுக்கியவர்களை. இருப்பதையெல்லாம் கொடுத்த கைம்பெண்ணின் இரண்டு காசுகளை ஆண்டவர் எடைபோட்டுப் பார்க்கவில்லை; வியந்து போற்றினார். கீறல் விழுந்த கிதார் ஏழைப் பங்கின் பாடலைத் தாங்கி வருமானால் அது குறையற்ற காணிக்கையே. ‘பழுதுள்ள காணிக்கை’ என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. அதற்குப் பின்னர் வருவோம்.

விற்பவரின் கடமையைப் பற்றித் திருச்சபையின் அறநெறி மரபு தெளிவாகவே பேசியிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் தூய தாமஸ் அக்குவினார் தம் இறையியல் தொகுப்பின் இரண்டாம் பகுதியில் வாங்கல் விற்றலுக்கென்றே ஒரு வினாவை, 77ஆம் வினாவை, ஒதுக்கியுள்ளார். மறைந்திருக்கும் குறை வாங்குபவருக்கு இழப்பையோ ஆபத்தையோ தருமாயின் அதனை விற்பவர் வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர் என்பது அவர் முடிவு. நொண்டும் குதிரையை ஓடும் குதிரையென்றும், இடியும் வீட்டை உறுதியான வீடென்றும் விற்பது அநீதி. ஆனால் குறை வெளிப்படையாகத் தெரிந்து, அதற்கேற்ப விலையும் குறைக்கப்பட்டிருந்தால், அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்கிறார். ஒற்றைக் கண் குதிரையை எடுத்துக்காட்டாகக் காட்டுகிறார். மதுரைக் கடையில் இரண்டாவது கிதார் அந்த ஒற்றைக் கண் குதிரையே. மூன்றாவதன் வளைந்த கழுத்தோ, பழகாத கண்ணுக்குப் புலப்படாதது. அதனாலேயே அவர் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

பட்டாசுத் தொழில் சூழ்ந்த நம் பகுதியினருக்கு இந்த வேறுபாட்டை நீட்டி விளக்க வேண்டியதில்லை. பழுதான ஆர்மோனியம் தவறான சுரத்தை எழுப்பும். பழுதான பட்டாசு ஒரு குழந்தையின் கையைப் பறித்துவிடும். எத்தனை விழுக்காடு தள்ளுபடி தந்தாலும் ஆபத்துள்ள பொருள் நேர்மையான பொருளாகிவிடாது.

இவ்வளவும் விற்பவரைப் பற்றியது. நாட்டின் சட்டமும் பெரும்பாலும் அந்தப் பக்கமே பார்க்கிறது. 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு மாற்றாக 2020இல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமும் வாங்குபவரை ஏமாற்றத்திலிருந்து காக்க எழுந்தவை. தேவையான சட்டங்களே அவை. ஆனால் புத்தம்புதிய பொருளை விற்கும் பெரிய நிறுவனத்தின் முன் நாம் எளியவர்களாக நிற்பது உண்மை என்றால், பழைய கருவியை விற்க வரும் மனிதரின் முன் பல வேளைகளில் நாமே வலியவர்களாக நிற்கிறோம் என்பதும் உண்மையன்றோ? அங்கே அவரைக் காப்பது எந்தச் சட்டம்?

இனி நம் செய்திக்கு வருவோம். 2020ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் ஊரடங்கு வந்தது. பங்குனியும் சித்திரையும் ஆடியும் திருவிழாக்கள் இன்றிக் கழிந்தன. மேடைக் கச்சேரியை நம்பியிருந்த மெல்லிசைக் குழுக்களின் பிழைப்பு அடியோடு நின்றுபோனது. செப்டம்பரில் வழிபாட்டுத் தலங்கள் மீண்டும் திறக்கப்பட்டபோது, பூட்டிக் கிடந்த நம் ஆலயத்தின் கீபோர்டை எலிகள் கடித்து வீணாக்கியிருந்தன. பக்கத்து ஊரில் கச்சேரிக் கலைஞர் ஒருவர் தம் கீபோர்டை விற்கிறார் என்று உபதேசியார் செய்தி கொண்டுவந்தார். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர்.

சென்று பார்த்தோம். அவர் 15,000 ரூபாய் கேட்டார். கருப்புக் கட்டை ஒன்றின் ஓரம் உடைந்திருப்பதையும், திரையில் ஒரு கோடு விழுந்திருப்பதையும் நாம் கேட்கும் முன்பே அவர் காட்டினார். அதற்காகவே விலையைக் குறைத்துச் சொல்வதாகவும் கூறினார். நாம் என்ன செய்தோம்? அவர் காட்டிய அதே குறைகளை மீண்டும் எடுத்து, நாமே கண்டுபிடித்தவைபோல் அடுக்கினோம். “கட்டை உடைந்திருக்கிறதே, திரை எப்போது அணையுமோ, பழுது பார்க்க எவ்வளவு ஆகுமோ” என்றோம். ஏழைப் பங்கு என்றோம். 9,000 ரூபாய்க்கு முடிந்தது. தாங்கியையும் உறையையும் அவர் சேர்த்தே கொடுத்தார். வண்டியில் ஏற்றும்போது, “எப்பவாவது வந்து வாசிச்சுப் பாத்துக்கிறலாமா சாமி?” என்று மட்டும் கேட்டார். தாராளமாக வாருங்கள் என்றோம்.

பின்னர் மதுரையில் பழுது பார்ப்பவர் 700 ரூபாய்க்கு இரண்டு குறைகளையும் சரிசெய்து, 18,000 ரூபாய்க்குக் குறையாத பொருள் இது என்று பாராட்டினார். அதைப் பங்குப்பேரவையில் பெருமையுடன் எடுத்துச் சொன்னோம். அனைவரும் மகிழ்ந்தனர். நம் திறமையை நாமும் மெச்சிக்கொண்டோம்.

நீதிமொழிகள் நூலின் 20ஆம் அதிகாரத்தில், வாங்கும்போது பொருளைப் பழித்துவிட்டு, வாங்கிய பின் தன் சாமர்த்தியத்தைப் பாராட்டிக்கொள்ளும் மனிதனைப் பற்றிய ஒரு சொல் உண்டு. குருமடத்தில் அதைப் படித்தபோது நகைச்சுவை என்று சிரித்திருக்கிறோம். சில மாதங்கள் கழித்து மறையுரை ஒன்றுக்கு ஆயத்தம் செய்கையில் அது கண்ணில் பட்டபோது சிரிக்க இயலவில்லை. ஏனெனில் அதில் நம் முகமே தெரிந்தது.

அன்று பழைய பாடங்களை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். தூய அகுஸ்தினார் தம் மூவொருமை பற்றிய நூலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். மக்கள் எல்லாருடைய உள்ளத்திலும் இருப்பதைச் சொல்லிவிடுவதாக ஒரு நாடகக் கோமாளி விளம்பரம் செய்தானாம். கூட்டம் கூடியதும், மலிவாக வாங்கி அதிக விலைக்கு விற்பதே அனைவரின் விருப்பம் என்றானாம். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அகுஸ்தினார் ஒப்புக்கொள்ளவில்லை. தமக்குத் தெரிந்த ஒருவரிடம், நூலொன்றின் மதிப்பை அறியாதவர் அதைச் சொற்ப விலைக்கு விற்க வந்தபோது, விற்றவரே எதிர்பாராத வகையில் உரிய விலையைக் கொடுத்து அவர் அதை வாங்கினார் என்று எழுதுகிறார். மலிவு வேட்கை மனிதரின் இயல்பு என்று கூறித் தப்பிக்கும் வாயிலை அந்த ஒரு மனிதரின் செயல் அடைத்துவிடுகிறது.

அக்குவினாரும் இதே நிகழ்ச்சியை எடுத்தாள்கிறார். அவர் மேலும் ஒரு படி செல்கிறார். பொன்னைப் பித்தளை என்று எண்ணி ஒருவர் விற்க, அது பொன் என்று அறிந்தே வாங்குபவர் அநீதி செய்கிறார். அவர் ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்கிறார். நேர்மை விற்பவருக்கு மட்டும் உரிய கடமை என்று எண்ணியிருந்த நமக்கு இது கசந்தது.

“அவர் பித்தளை என்று எண்ணி விற்கவில்லையே, மதிப்பை அறிந்துதானே 9,000 ரூபாய்க்குச் சம்மதித்தார்” என்று நம் மனம் வாதாடியது. சம்மதம் என்ற இச்சொல்லைத்தான் திருச்சபையின் சமூகப் படிப்பினை கூர்ந்து பார்க்கச் சொல்கிறது. 1891ஆம் ஆண்டின் ‘ரேரும் நொவாரும்’ சுற்றுமடலில் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் தொழிலாளரின் கூலியைப் பற்றி எழுதுகையில், தேவையின் நெருக்கடியால் ஒருவர் குறைந்த கூலிக்கு இசைந்தால், அந்த இசைவு அநீதியை நீதியாக்கிவிடாது என்று கற்பித்தார். 1967இல் திருத்தந்தை 6ஆம் பவுல் ‘பொப்புலோரும் புரொகிரெசியோ’ சுற்றுமடலில் அதே கருத்தை நாடுகளிடையே நிகழும் வணிகத்துக்கும் விரித்தார்: இரு தரப்பும் சமநிலையில் இல்லாதபோது சம்மதம் மட்டுமே ஒப்பந்தத்தை நேர்மையாக்கப் போதாது. கூலிக்கும் உலக வணிகத்துக்கும் பொருந்துவது, ஒரு பழைய கீபோர்டின் விலைக்குப் பொருந்தாதா?

இங்கேதான் நம் கேள்வி கூர்மை பெறுகிறது. ஒரு பொருளின் விலை குறைகிறது என்றால் அந்தக் குறை எங்கே இருக்கிறது? கட்டை உடைந்ததால், திரையில் கோடு விழுந்ததால் குறைந்தால், அது பொருளின் குறை; அந்தத் தள்ளுபடி நமக்கு உரியது. விற்பவரின் வீட்டில் அரிசி இல்லாததால் குறைந்தால், அது மனிதரின் குறை; அந்தத் தள்ளுபடி நமக்கு உரியதன்று. 35,000 ரூபாய்க்குப் புதிதாக விற்கும் கருவியை, அதன் பழமைக்கும் பழுதுக்குமாக அவரே 15,000 ஆக்கியிருந்தார். அதற்குக் கீழே நாம் குறைத்த 6,000 ரூபாய் அவருடைய பசியிலிருந்து எடுத்தது.

மறுப்புகள் எழாமல் இல்லை. நாம் வாங்காவிட்டால் வேறொருவர் இதைவிடக் குறைவாகக் கேட்டிருப்பார் என்றனர் பேரவையில் சிலர். இருக்கலாம், பிறர் செய்யக்கூடிய பெரிய அநீதி, நாம் செய்த சிறியதை நீதியாக்காது. பங்கின் பணம் ஏழைகளின் காணிக்கை. அதைச் சிக்கனமாகச் செலவிடுவது மேய்ப்பனின் கடமை என்றார் பொருளாளர். இது வலுவான வாதம். அவர் சொன்னதில் பொய் ஏதுமில்லை. ஆயினும் ஓர் ஏழையின் காணிக்கையைக் காக்க மற்றோர் ஏழையின் பொருளைக் குறைத்து எடுக்கலாமா? சீராக்கின் ஞான நூல் 34ஆம் அதிகாரத்தில், அநீதியாக வந்ததைக் காணிக்கையாக்கினால் அக்காணிக்கையே பழுதுள்ளது என்று கூறுகிறது. முன்னர் நாம் ஒத்திவைத்த பொருள் இதுவே. ஆலயத்தில் நாம் வைத்திருந்த காணிக்கையின் பழுது, உடைந்த கட்டையில் இல்லை.

1514ஆம் ஆண்டில், கியூபா தீவில், பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ் என்னும் குரு தூய ஆவி பெருவிழா மறையுரைக்கு ஆயத்தம் செய்கையில் இதே அதிகாரத்தைப் படித்தார். தம் நிலத்தில் கட்டாய உழைப்புக்கு ஒப்படைக்கப்பட்டிருந்த பூர்வீக மக்களை எண்ணி நிலைகுலைந்தார், அவர்களை விடுவித்தார். அவருடைய பாவத்தின் பெருமைக்கும் நம் சிறுமைக்கும் ஒப்பில்லை. ஆனால் பிறருக்குப் போதிக்க எடுத்த நூல் போதகனையே பிடித்துக்கொள்ளும் விதம் ஒன்றுதான்.

நீண்ட உரையாடலுக்குப் பின் பேரவை, அவர் கேட்ட விலைக்கும் நாம் கொடுத்த விலைக்கும் உள்ள 6,000 ரூபாயைத் திருப்பித் தர இசைந்தது. அதற்கு மேல் தருவது கடமையன்று, கொடை என்று பொருளாளர் வரையறுத்தார். வாங்கிய பொருளால் பெரும்பயன் அடைந்தவர் தாமாக முன்வந்து கூடுதலாகக் கொடுப்பது பெருந்தன்மை என்று அக்குவினாரும் கூறியிருப்பதால் நாம் மறுக்கவில்லை. 2,000 ரூபாயை நம் கையிலிருந்து சேர்த்துக்கொண்டோம்.

2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் வீட்டுக்குச் சென்றோம். அவர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குச் சென்றுவிட்டிருந்தார். அவருடைய தாய் மட்டும் இருந்தார். நம்மைக் கண்டதும் அந்த அம்மாவின் முகம் வெளிறியது.

“பொட்டி கெட்டுப்போச்சா சாமி? பணத்தைத் திருப்பிக் கேட்டு வந்தீகளா?” என்றார்.

இல்லை அம்மா, குறைத்துக் கொடுத்துவிட்டோம், மீதியைத் தர வந்தோம் என்று அவருக்கு விளங்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இறுதியில் உறையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: “அவன் அப்பவே சொன்னான் சாமி, நல்ல எடத்துக்குத்தான் போகுதுன்னு.”

அந்தச் சொல்லுக்கு நம்மிடம் பதில் இருக்கவில்லை. கருவியே திரும்ப வேண்டுமானால், தாம் பெற்ற தொகையைக் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று மகனுக்குச் சொல்லி அனுப்பினோம். இன்றுவரை அவர் வரவில்லை. பணத்தைத் திருப்பித் தரலாம். அவர் கை பழகிய கருவி வீட்டைவிட்டுப் போன அந்த நாளைத் திருப்பித் தர நம்மால் ஆகாது.

அன்பு வாசகர்களே, இசைக்கருவியோ, தையல் எந்திரமோ, மிதிவண்டியோ, பழையதையும் பழுதுபட்டதையும் வாங்குவதை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. தாராளமாக வாங்குங்கள். ஒருவருக்குப் பயன் முடிந்த பொருள் மற்றொருவரின் பிள்ளைக்கு முதற்பாடம் ஆவது நல்லதே. ஆனால் விலை பேசும் முன் மூன்று கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். இப்பொருள் விற்பவருடையதுதானா? திருட்டுப் பொருள் என்று ஐயுறக் காரணம் இருந்தும் கேளாமல் வாங்குவது, பாதிக் களவு. அடுத்து, இதன் மதிப்பில் நமக்குத் தெரிந்தது அவருக்கும் தெரியுமா? இறுதியாக, அவர் வீட்டில் நெருக்கடி இல்லாதிருந்தால் இந்த விலைக்கு இசைவாரா?

கடைசிக் கேள்விக்கு விடை ‘இல்லை’ என்றால், பேரத்தை அங்கேயே நிறுத்திவிடுவோம். முடிந்தால் அவர் கேட்டதைக் கொடுப்போம். முடியாவிட்டால், பொருளைப் பழிக்காமல், நம்மிடம் இவ்வளவுதான் இருக்கிறது என்று நம் குறையைச் சொல்லிக் கேட்போம். அப்போது அவர் குறைத்துக் கொடுத்தால், அது அவர் நமக்கு இடும் பிச்சை என்று அறிந்து வாங்குவோம்.

ஞாயிறுதோறும் அந்தக் கீபோர்டு நம் ஆலயத்தில் ஒலிக்கிறது. பழுது பார்த்த கட்டையின் நிறம் மட்டும் மற்றவற்றோடு சற்றே ஒட்டாமல் நிற்கிறது. மாற்றிவிடலாமா என்று பாடற்குழுவினர் கேட்டனர். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டோம்.